அண்ணாச்சி கடை கணக்கு நோட்டை வச்சு ஊப்ஸ் புரிஞ்சுக்கலாம்

உங்க கேள்வியை சுருக்கமா திருப்பிச் சொல்லிட்டு ஆரம்பிக்கறேன். பி.காம் முடிச்சுட்டு ஆறு மாசமா பைத்தான் படிக்கறீங்க, லூப், ஃபங்ஷன், லிஸ்ட், டிக்ஷனரி வரைக்கும் நல்லா வந்துருச்சு, க்ளாஸ் ஆப்ஜெக்ட்னு ஆரம்பிச்சதும் நின்னு போச்சு. எல்லா வீடியோலயும் நாய் குரைக்கும் பூனை மியாவ்னு கத்தும் ரெண்டும் அனிமல் க்ளாஸ்ல இருந்து வந்ததுன்னு சொல்றாங்க, அது புரியுது, ஆனா அதை வச்சு நான் என்ன செய்யணும்னு புரியலை, தினசரி வாழ்க்கைல இருந்து ஒரு உதாரணம் வேணும்னு கேட்டிருக்கீங்க.

நீங்க நின்ன இடத்துலதான் நிறைய பேர் நிக்கறாங்க. அந்த நாய்கிட்ட பாதுகாக்க வேண்டிய கணக்கு எதுவும் கிடையாது, அது குரைச்சா குரைச்சதுதான், அதுல தப்பு நடக்கவே வழி இல்ல. ஊப்ஸ், அதாவது ஆப்ஜெக்ட் ஓரியன்டட் ப்ரோக்ராமிங், க்ளாஸ் ஆப்ஜெக்ட் வச்சு எழுதற இந்த முறையோட பெரிய லாபமே ஒரு தகவல் கெட்டுப் போகாம பாத்துக்கறதுதான், அதனால கெட்டுப் போக வாய்ப்பு இருக்கற ஒரு உதாரணத்தைத்தான் எடுத்துக்கணும். நீங்க காமர்ஸ் படிச்சவர் வேற, அதனால மளிகைக் கடை கடன் நோட்டை எடுத்துக்கறேன். தெருமுனை அண்ணாச்சி கடைல கல்லாவுக்குப் பக்கத்துல ஒரு நீள நோட்டு கெடக்கும், வீட்டுக்கு ஒரு பக்கம், மேல வீட்டு நம்பர், கீழ தேதி, பொருள், தொகைன்னு வரிசையா எழுதியிருக்கும், மாசம் பொறந்து சம்பளம் வந்ததும் பணம் கட்டுவாங்க, முழுசா கட்டலைன்னா மிச்சம் அடுத்த பக்கத்துல முன் பாக்கின்னு ஏறும். கடைசி வரைக்கும் இந்த ஒரே உதாரணத்தை விடாம பிடிச்சுக்கலாம், ஒவ்வொரு கான்செப்டுக்கும் ஒரு உதாரணம்னு தாவிக்கிட்டே இருந்தா எதுவும் எதோடயும் ஒட்டாது.

முதல்ல க்ளாஸ் இல்லாம இப்ப உங்களுக்குத் தெரிஞ்சதை வச்சு எழுதிப் பாருங்க. ஒரு டிக்ஷனரி, அதுல வீடு 12, பாக்கி 840. பொருள் வாங்கினா பாக்கியக் கூட்டறதுக்கு ஒரு ஃபங்ஷன், பணம் கட்டினா கழிக்க ஒரு ஃபங்ஷன். நூறு வரி ப்ரோக்ராம் வரைக்கும் இது அருமையா ஓடும், யாரும் உங்களை க்ளாஸ் எழுதச் சொல்லித் தொந்தரவு பண்ணக் கூடாது. பிரச்சனை ப்ரோக்ராம் வளரும்போதுதான் வரும். அந்த பாக்கிங்கற நம்பரை எந்த ஃபைல்ல இருந்தும் எந்த ஃபங்ஷன்ல இருந்தும் மாத்தலாம், தடுக்க ஆளில்ல. நான் முதல் வேலைல இருந்தப்ப மொத்த வியாபாரக் கடைக்கான பில்லிங் சாஃப்ட்வேர் ஒண்ணுல இதைக் கண்ணால பாத்தேன். ஒரு பார்ட்டிக்கு பாக்கி மைனஸ்ல போயிருந்துச்சு, அவர் அட்வான்ஸே கொடுக்கலை. ரெண்டு நாள் தேடினோம். சரக்கு திருப்பி வந்தா தொகையக் கழிக்கற வேலைய ரிட்டர்ன் ஸ்க்ரீன் ஒரு தடவை பண்ணியிருக்கு, ராத்திரி ஓடற இன்னொரு ஃபங்ஷன் அதே ரிட்டர்னைப் பாத்து மறுபடியும் ஒரு தடவை கழிச்சிருக்கு. ரெண்டையும் எழுதினவங்க நல்லாத்தான் எழுதியிருந்தாங்க, தனித்தனியா பாத்தா ரெண்டும் சரி. அந்த நம்பருக்கு சொந்தக்காரன்னு யாரும் இல்லாததுதான் கோளாறு. அன்னைக்கு அந்த பாக்கிய மாத்தற இடம் எத்தனைன்னு எண்ணினப்ப தெரிஞ்சதுதான் ஊப்ஸ் பத்தி எனக்குக் கிடைச்ச முதல் உண்மையான பாடம், அதுக்கு முன்னாடி பரீட்சைக்கு நாலு டெஃபனிஷன் மட்டும்தான் தெரியும்.

இப்ப கடைக்கு வாங்க. நோட்டுல யாரு எழுதறா? அண்ணாச்சி மட்டும்தான். 12-ம் நம்பர் வீட்டு அக்கா கடைக்கு வந்து நோட்டை எடுத்து பேனாவால அவங்களே 840-ஐ அடிச்சுட்டு 340-னு எழுத முடியாது. ஐநூறு ரூபா நோட்டை நீட்டி "அண்ணாச்சி, கணக்குல வரவு வச்சுக்கோங்க"ன்னுதான் சொல்லணும். கேக்கறது அவங்க, எழுதறது அவரு. ஆப்ஜெக்ட்னா என்னன்னு கேட்டா இவ்வளவுதாங்க: தன் தகவலைத் தன்கிட்ட வச்சுக்கிட்டு, கேட்டா பதில் சொல்ற, சொன்னா செய்யற ஒண்ணு. வெளிய இருக்கறவங்க அதுகிட்ட கேக்கலாம், அதோட நோட்டுல கை வைக்கக் கூடாது.

ஆனா இந்த உதாரணம் ஒரு இடத்துல பொருந்தாது, அதை இப்பவே சொல்லிடறேன், இல்லன்னா பின்னாடி குழம்பும். நிஜக் கடைல நோட்டு சும்மா பேப்பர், வேலை செய்யறது அண்ணாச்சி. ப்ரோக்ராம்ல அந்தப் பக்கமே வேலை செய்யும். அதனால நோட்டோட ஒவ்வொரு பக்கத்துலயும் ஒரு குட்டிக் கணக்குப்பிள்ளை உக்காந்திருக்கார்னு நினைச்சுக்கோங்க, 12-ம் நம்பர் பக்கத்துக்கு ஒருத்தர், 14-ம் நம்பர் பக்கத்துக்கு ஒருத்தர். பக்கமும் அதுல உக்காந்திருக்கற கணக்குப்பிள்ளையும் சேர்ந்ததுதான் ஒரு ஆப்ஜெக்ட். பக்கத்துல எழுதியிருக்கறது ஆட்ரிபியூட், கணக்குப்பிள்ளைக்குத் தெரிஞ்ச வேலைகள் மெத்தட்.

பைத்தான்ல அதை இப்படிக் கூப்பிடுவோம் (பைத்தான் 3-ல வேரியபிள் பேரைத் தமிழ்லயே வைக்கலாம், நிஜமாவே ஓடும், க்ளாஸ், டெஃப் மாதிரி கீவேர்டு மட்டும் இங்கிலீஷ்ல இருக்கணும்):

கணக்கு12.பணம்_கட்டு(500)

இந்தப் புள்ளிய "கிட்ட"ன்னு படிங்க. கணக்கு12 கிட்ட, பணம் கட்டு, 500. தமிழ்ல நாம பேசற வரிசையிலயே வருது பாருங்க, யாருகிட்டன்னு முதல்ல, என்ன வேலைன்னு அடுத்தது. நான் சொல்லிக் கொடுத்த பசங்கள்ல பல பேருக்கு இந்த ஒரு வார்த்தைலதான் பயம் போச்சு.

அப்ப க்ளாஸ்னா? நோட்டு பூரா ஒரே மாதிரி கோடு போட்டிருக்கு, தேதிக்கு ஒரு கட்டம், பொருளுக்கு ஒண்ணு, தொகைக்கு ஒண்ணு. அத்தோட எல்லா கணக்குப்பிள்ளைங்களுக்கும் ஒரே வேலைக் குறிப்பு: பொருள் வாங்கினா இப்படி எழுது, பணம் கட்டினா இப்படி வரவு வை. அந்தக் கோடும் வேலைக் குறிப்பும் சேர்ந்ததுதான் க்ளாஸ். க்ளாஸ்ல 840-ங்கற நம்பர் இருக்காது, தொகைன்னு ஒரு எடம் இருக்கும்கறது மட்டும்தான் இருக்கும். புதுசா ஒருத்தர் குடி வந்து கணக்கு ஆரம்பிக்கறாங்கன்னு வைங்க, அண்ணாச்சி உடனே ஒரு பக்கத்தைப் புரட்டி மேல வீட்டு நம்பரையும் பேரையும் எழுதுவார், அது இல்லாம கணக்கே ஆரம்பிக்க மாட்டார். அந்த வேலைதான் கன்ஸ்ட்ரக்டர், பைத்தான்ல முன்னாடி ரெண்டு பின்னாடி ரெண்டு அண்டர்ஸ்கோர் போட்டு இனிட்னு எழுதறோமே அது. அரைகுறையா ஒரு ஆப்ஜெக்ட் பொறக்கவே கூடாதுங்கறதுக்கான வாசக்காவல் அது, வெறுமனே வேரியபிளுக்கு வேல்யூ போடற இடம்னு மட்டும் நினைக்காதீங்க. வீட்டு நம்பர் இல்லாம கணக்கு தொறக்க வந்தா அங்கயே எரர் கொடுத்துத் திருப்பி அனுப்பிடணும்.

மெத்தட் எழுதும்போது முதல் பாராமீட்டரா போடற செல்ஃப்ல கொஞ்சம் நிக்கணும், ஏன்னா பைத்தான் படிக்கறவங்க அதிகமா கேக்கறது இதைத்தான், அதுக்குக் கிடைக்கற பதில் பெரும்பாலும் "அப்படித்தான் எழுதணும்"ங்கறதோட முடிஞ்சுடுது. யோசிச்சுப் பாருங்க, நாப்பது பக்கம் இருக்கு, நாப்பது கணக்குப்பிள்ளை இருக்காங்க, வேலைக் குறிப்பு மட்டும் ஒண்ணே ஒண்ணு. அந்தக் குறிப்புல "12-ம் நம்பர் பக்கத்துல எழுது"ன்னு போட முடியுமா? போட்டா நாப்பது பேரும் 12-ம் நம்பர் பக்கத்துலயே எழுதுவாங்க. அதனால குறிப்புல "உன் பக்கத்துல எழுது"ன்னு பொதுவாத்தான் போட முடியும். அந்த "உன் பக்கம்"தான் செல்ஃப். நீங்க கணக்கு12.பணம்_கட்டு(500)னு எழுதினா பைத்தான் அதை உள்ளுக்குள்ள

கடன்கணக்கு.பணம்_கட்டு(கணக்கு12, 500)

அப்படின்னு எடுத்துக்கும், கடன்கணக்குங்கறது நம்ம க்ளாஸோட பேர். புள்ளிக்கு முன்னாடி இருந்த ஆளு முதல் ஆர்க்யுமென்டா உள்ள போயிட்டார், அவ்வளவுதான் ரகசியம். கூப்பிடும்போது ஒரு வேல்யூதானே கொடுத்தோம், எழுதும்போது ஏன் ரெண்டு பாராமீட்டர்னு வர்ற குழப்பம் இதோட தீந்துடணும். ரெண்டாவது மாதிரியும் எழுதி ஓட்டிப் பாருங்க, ஓடும். ஜாவால, சி ப்ளஸ் ப்ளஸ்ல இதே விஷயம் திஸ்ங்கற பேர்ல மறைவா இருக்கு, பைத்தான் அதை வெளிப்படையா எழுதச் சொல்லுது.

இதோட ஒட்டின ஒரு பொறி இருக்கு, எல்லாரும் ஒரு தடவை விழுவாங்க. கடைச் சுவத்துல ஒரு போர்டு தொங்கும், இன்னைக்கு அரிசி விலை, சர்க்கரை விலை. அது எல்லா வீட்டுக்கும் பொது, ஒரு இடத்துல மாத்தினா எல்லாருக்கும் மாறும், அதுதான் க்ளாஸ் வேரியபிள். பக்கத்துல எழுதறது அந்தந்த வீட்டுக்கு மட்டும். இப்ப நீங்க வாங்கின பொருட்களைச் சேத்து வைக்க ஒரு காலி லிஸ்ட்டை இனிட்டுக்குள்ள வைக்காம க்ளாஸுக்கு நேர் கீழ வச்சுட்டீங்கன்னா என்ன ஆகும், நாப்பது வீட்டுச் சாமானும் சுவத்து போர்டுல ஏறும். 12-ம் நம்பர் வீட்டுக்காரங்க வாங்கின உளுந்து 14-ம் நம்பர் கணக்குல தெரியும். எரர் எதுவும் வராது, ப்ரோக்ராம் சந்தோஷமா ஓடும், கணக்கு மட்டும் நாசம். ஒவ்வொரு ஆப்ஜெக்டுக்கும் தனியா வேணும்னா இனிட்டுக்குள்ள செல்ஃப் போட்டு எழுதுங்க.

அடுத்தது இன்னொரு வழக்கமான சந்தேகம், அ = கணக்கு12, ஆ = அ அப்படின்னு போட்டா ரெண்டு கணக்கா? காலைல அந்த அக்கா வந்து பால் பாக்கெட் வாங்கிட்டுப் போறாங்க, சாயங்காலம் அவங்க வீட்டுக்காரர் வந்து "நம்ம கணக்குல எழுதிக்கோங்க அண்ணாச்சி"ன்னு ஷேவிங் க்ரீம் வாங்கறார். ஆள் ரெண்டு, பக்கம் ஒண்ணுதான், அவர் வாங்கினது அந்த அக்கா பாக்கியிலயும் ஏறும். வேரியபிள் பேர்ங்கறது பக்கத்தைக் காட்டற விரல் மாதிரி, ரெண்டு விரல் ஒரே பக்கத்தைக் காட்டலாம். தனிப் பக்கம் வேணும்னா ஜெராக்ஸ் எடுக்கணும், பைத்தான்ல அதுக்கு காப்பின்னு ஒரு மாட்யூல் இருக்கு. அதுல சாதா காப்பி மேல் அட்டைய மட்டும் ஜெராக்ஸ் எடுக்கும், உள்ள இருக்கற லிஸ்ட் பழசேதான், உள்ளயும் சேத்து எடுக்க டீப்காப்பி வேணும்.

இனிமே அந்த நாலு பெரிய வார்த்தை. இன்டர்வியூல வரிசையா ஒப்பிக்கச் சொல்வாங்க, நாலும் ஒரே எடை மாதிரி தோணும். என்னைக் கேட்டா என்கேப்சுலேஷனும் பாலிமார்ஃபிசமும்தான் உயிர், அப்ஸ்ட்ராக்ஷன் அதுக்குள்ளயே அடங்கிடும், இன்ஹெரிட்டன்ஸ் தேவைப்பட்டா எடுத்துக்கற ஒரு வசதி.

என்கேப்சுலேஷனை ஏற்கனவே பாத்துட்டோம், நோட்டுல வாடிக்கையாளர் கை வைக்கக் கூடாதுங்கறதுதான். டேட்டாவையும் ஃபங்ஷனையும் ஒண்ணா கட்டறதுன்னு டெஃபனிஷன்ல இருக்கும், கட்டினா என்ன லாபம்னு பாருங்க. பாக்கிங்கற நம்பரை தனியா சேமிச்சு வச்சிருக்கீங்க. ஒரு நாள் யோசிக்கறீங்க, எதுக்குத் தனி நம்பர், எழுதின வரிகளைக் கூட்டிக் கழிச்சா பாக்கி தானா வருமே, ரெண்டு இடத்துல வச்சாத்தானே ஒண்ணோட ஒண்ணு ஒத்துப் போகாம போகுது. உடனே பாக்கி வேரியபிளைத் தூக்கிட்டு, பாக்கி கேட்டா வரிகளைக் கூட்டிச் சொல்ற மாதிரி மெத்தட்டை மாத்தறீங்க. வெளிய இருந்து கணக்கு12.பாக்கி() அப்படின்னு கேட்டுட்டு இருந்தவங்க யாருக்கும் எதுவுமே தெரியாது, ஒரு வரி கூட மாத்த வேண்டாம். நான் சொன்ன அந்த பில்லிங் சாஃப்ட்வேர்ல இதைச் செய்யணும்னா ப்ரோக்ராம் பூரா தேடித் தேடி மாத்தணும். மாறக்கூடிய முடிவை ஒரு மாட்யூலுக்குள்ள மறைச்சு வைங்கன்னு டேவிட் பார்னாஸ்ங்கற கம்ப்யூட்டர் விஞ்ஞானி 1972-லயே ஒரு கட்டுரைல எழுதினார், இன்னைக்கும் அதுதான் அடிப்படை.

ஜாவால ப்ரைவேட்னு போட்டா கம்பைலரே உள்ள விடாது. பைத்தான்ல பேருக்கு முன்னாடி ஒரு அண்டர்ஸ்கோர் போடறது "இதை வெளிய இருந்து தொடாதீங்க"ன்னு எழுதி ஒட்டற அட்டை மாதிரி, பூட்டு கிடையாது, மரியாதைல ஓடுது. ரெண்டு அண்டர்ஸ்கோர் போட்டா பைத்தான் பேரை மாத்தி வைக்கும், தெரிஞ்சவங்க அப்பவும் எடுக்கலாம். அப்புறம் ஒண்ணு, எல்லா வேரியபிளையும் ப்ரைவேட் ஆக்கிட்டு எல்லாத்துக்கும் கெட், செட்னு ரெண்டு மெத்தட் எழுதச் சொல்லி நிறைய இடத்துல கத்துக் கொடுக்கறாங்க, தயவு செஞ்சு கண்ணை மூடிட்டு அப்படிப் பண்ணாதீங்க. பாக்கிய_மாத்து(340)னு ஒரு மெத்தட் வச்சா நோட்டையும் பேனாவையும் வாடிக்கையாளர் கைல கொடுத்த மாதிரிதானே. பணம்_கட்டு, பொருள்_எழுது, சரக்கு_திருப்பு, இப்படிக் கடைல உண்மையா நடக்கற வேலைக்கு மட்டும் மெத்தட் எழுதுங்க.

அப்ஸ்ட்ராக்ஷன் ஒரு நிமிஷத்துல முடிஞ்சிடும். வீட்டுல ஒரு சின்னப் பையனைக் கடைக்கு அனுப்பறாங்க, "அரைக் கிலோ சர்க்கரை, கணக்குல எழுதிக்கச் சொல்லு". அவனுக்கு முன் பாக்கி என்னன்னு தெரியாது, எந்தப் பக்கம்னு தெரியாது, அந்த ஒரு வரி போதும். நாளைக்கு அண்ணாச்சி நோட்டைத் தூக்கிப் போட்டுட்டு போன்ல ஒரு ஆப்ல எழுத ஆரம்பிச்சாலும் அந்தப் பையன் சொல்ற வரி மாறாது.

இன்ஹெரிட்டன்ஸ். பக்கத்து டீக்கடைக்காரரும் அண்ணாச்சிகிட்டதான் சர்க்கரை, டீத்தூள் வாங்கறார், மொத்தமா வாங்கறதால அவருக்கு மாசக் கடைசில ரெண்டு பர்சன்ட் தள்ளுபடின்னு வைங்க. பக்கம் அதேதான், வரி எழுதறது, பணம் கட்டறது எல்லாம் அதேதான், பாக்கி கணக்குப் போடறது மட்டும் வேற. அதுக்குப் புதுசா ஒரு வேலைக் குறிப்பு முழுசா எழுதாம, "மத்ததெல்லாம் வழக்கம் போல, பாக்கி சொல்லும்போது மட்டும் தள்ளுபடி போக சொல்லு"ன்னு ஒரு துண்டுச் சீட்டு ஒட்டினா போதும். அந்தத் துண்டுச் சீட்டுதான் சப்க்ளாஸ். பைத்தான்ல சூப்பர்னு ஒரு வார்த்தை வரும், "தாய் க்ளாஸ் வழக்கமா செய்யறதை இங்க செய்"னு அர்த்தம், அதோட நம்ம பங்கைச் சேத்துக்கலாம்.

இங்கதான் பல பேர் வழி தவறிடறாங்க, ரெண்டு க்ளாஸ்ல நாலு வரி ஒரே மாதிரி இருந்தா உடனே இன்ஹெரிட் பண்ணிடறாங்க. கடைல சில வீட்டுக்கு கடனே கிடையாது, ரொக்கம் மட்டும்தான், ஆனா பேரும் வீட்டு நம்பரும் மட்டும் நோட்டுல இருக்கணும். ரொக்கக்கணக்குன்னு ஒரு க்ளாஸ், கடன்கணக்குல இருந்து இன்ஹெரிட் பண்ணி, பொருள்_எழுது மெத்தட்டைக் கூப்பிட்டா "கடன் கிடையாது"ன்னு எரர் கொடுக்கற மாதிரி எழுதறீங்க. பாக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா கடன்கணக்குன்னு நம்பி வேலை செய்யற மத்த கோட் எல்லாம் அதுல போய் இடிச்சு நிக்கும். தாய் க்ளாஸை எதிர்பாக்கற எந்த இடத்துலயும் சேய் க்ளாஸைக் கொண்டு போய் வச்சா ஆச்சரியம் எதுவும் நடக்கக் கூடாது, இந்த எண்ணத்தை பார்பரா லிஸ்காவ்ங்கற கம்ப்யூட்டர் விஞ்ஞானி 1987-ல ஒரு உரைல முன்வச்சாங்க, கம்ப்யூட்டர் துறைல பெரிய விருதான டூரிங் விருதை 2008-க்கு வாங்கினவங்க. இந்தத் தப்பைப் பெரிய ஆளுங்களும் பண்ணியிருக்காங்க. ஜாவாவோட சொந்த லைப்ரரில ஸ்டாக்னு ஒரு க்ளாஸ் இருக்கு, கல்யாணப் பந்தில அடுக்கி வச்ச தட்டு மாதிரி, மேல வைக்கணும் மேல இருந்துதான் எடுக்கணும். ஆனா அதை வெக்டர்ங்கற க்ளாஸ்ல இருந்து இன்ஹெரிட் பண்ணிட்டாங்க, அதனால அடுக்குக்கு நடுவுல கூட தட்டைச் சொருகலாம்னு ஆயிடுச்சு. இன்னைக்கு ஜாவா டாக்குமென்டேஷனே அதுக்குப் பதிலா டெக் (Deque)ங்கறதைப் பயன்படுத்துங்கன்னு சொல்லுது.

அதனால ஒரு க்ளாஸ் இன்னொரு க்ளாஸோட ஒரு "வகையா", இல்ல ஒண்ணுகிட்ட இன்னொண்ணு "இருக்கா"ன்னு வாயால சொல்லிப் பாருங்க. டீக்கடைக் கணக்கு ஒரு வகைக் கடன் கணக்கு, சரியா வருது. கணக்கு ஒரு வகை வரியா? இல்ல, கணக்குல வரிகள் இருக்கு. அப்ப வரிக்கு தேதி, பொருள், தொகைன்னு தனியா ஒரு சின்ன க்ளாஸ் எழுதி, கணக்குக்குள்ள அந்த வரிகளோட லிஸ்ட்டை வைங்க, இதுக்குப் பேரு கம்போசிஷன். கடைகிட்ட கணக்குகள் இருக்கு, கணக்குகிட்ட வரிகள் இருக்கு. உங்க ப்ரோக்ராம்ல பாதிக்கு மேல இந்த "இருக்கு" உறவாத்தான் இருக்கும், இருக்கணும்.

பாலிமார்ஃபிசம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. மாசக் கடைசி, அண்ணாச்சி நோட்டை முதல் பக்கத்துல இருந்து புரட்டறார், ஒவ்வொரு பக்கத்துகிட்டயும் ஒரே கேள்வி, "பாக்கி எவ்வளவு?" சாதா வீட்டுப் பக்கம் வரிகளைக் கூட்டிச் சொல்லுது, டீக்கடைப் பக்கம் ரெண்டு பர்சன்ட் கழிச்சுச் சொல்லுது, கல்யாணத்துக்கு மொத்தமா சாமான் எடுத்து மூணு தவணைல கட்டறவங்க பக்கம் இந்த மாசத் தவணைய மட்டும் சொல்லுது. கேள்வி ஒண்ணு, பதில் கண்டுபிடிக்கற வழி வேற வேற, கேக்கறவருக்கு அந்த வித்தியாசம் தெரிய வேண்டியதே இல்ல. இதை ஊப்ஸ் இல்லாம எழுதினா, வகை வீடுன்னா இது, டீக்கடைன்னா அது, கல்யாணம்னா இன்னொண்ணுன்னு இஃப் எல்ஸ் ஏணி கட்டுவீங்க. ஏணி ஒரு இடத்துல இருந்தா பரவாயில்ல. பாக்கி சொல்ல ஒண்ணு, பில் அடிக்க ஒண்ணு, ஞாபகப்படுத்தி மெசேஜ் அனுப்ப ஒண்ணுன்னு மூணு இடத்துல நிக்கும், புதுசா ஹாஸ்டல் கணக்குன்னு ஒரு வகை வந்தா மூணையும் தேடித் திருத்தணும், ஒண்ணை மறப்பீங்க. பாலிமார்ஃபிசம் இருந்தா ஹாஸ்டல்கணக்குன்னு ஒரு க்ளாஸ் எழுதி பாக்கி மெத்தட்டைக் கொடுத்தா முடிஞ்சுது, மாசக் கடைசி லூப்பைத் தொடவே வேண்டாம். பைத்தான்ல அதுக்கு இன்ஹெரிட்டன்ஸ் கூட அவசியமில்ல, பாக்கின்னு ஒரு மெத்தட் இருந்தா போதும். ஜாவால இன்டர்ஃபேஸ்னு ஒண்ணை முன்கூட்டியே எழுதி, "இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்வேன்"னு க்ளாஸ் கையெழுத்துப் போடற மாதிரி சொல்லணும்.

இப்ப நீங்க கேக்கலாம், இந்தக் கடை உதாரணம் எல்லாம் சொல்லிக் கொடுக்கறதுக்காக நாம ஒட்ட வச்சதுதானேன்னு. இல்லைங்க, இந்த விஷயம் பொறந்ததே இப்படித்தான். ஆஸ்லோவுல நார்வேஜியன் கம்ப்யூட்டிங் சென்டர்ல ஓலே யோஹான் டாலும் கிறிஸ்டன் நிகார்டும் 1960-கள்ல சிமுலான்னு ஒரு லாங்குவேஜ் எழுதினாங்க, பேர்லயே இருக்கு, நிஜ உலகத்துல நடக்கறதைக் கம்ப்யூட்டர்ல நடத்திப் பாக்க, அதாவது சிமுலேஷனுக்காக. க்யூவுல நிக்கற வாடிக்கையாளர், அவரைக் கவனிக்கற கவுன்டர், ஒவ்வொண்ணுக்கும் தனி நிலைமை, தனி வேலை, அதை அப்படியே ப்ரோக்ராம்ல கொண்டு வரப் பாத்தாங்க. சிமுலா 67-லதான் க்ளாஸ், சப்க்ளாஸ் எல்லாம் வந்துச்சு, அதுக்காக ரெண்டு பேருக்கும் 2001-ம் வருஷத்து டூரிங் விருது கிடைச்சுது. அமெரிக்காவுல பெல் லேப்ஸ்ங்கற ஆராய்ச்சிக் கூடத்துல பியார்ன ஸ்ட்ரூஸ்ட்ரப் 1979-ல ஆரம்பிச்ச "சி வித் க்ளாசஸ்" சிமுலாவோட எண்ணத்தை சி-க்குள்ள கொண்டு வந்ததுதான், அதுதான் பின்னாடி சி ப்ளஸ் ப்ளஸ் ஆச்சு.

ஆப்ஜெக்ட் ஓரியன்டட்ங்கற பேரை வச்சவர் ஆலன் கே. அவர் பயாலஜியும் படிச்சவர், உடம்புல இருக்கற செல் மாதிரி யோசிச்சார், ஒவ்வொரு செல்லும் தன் சுவத்துக்குள்ள தன் வேலையப் பாத்துக்குது, ஒண்ணுக்கொண்ணு செய்தி மட்டும்தான் அனுப்பிக்குது. 1970-கள்ல ஜெராக்ஸ் கம்பெனியோட பார்க் (PARC) ஆராய்ச்சிக் கூடத்துல அவரும் டான் இங்கால்ஸும் அடேல் கோல்ட்பெர்க்கும் மத்தவங்களும் சேந்து ஸ்மால்டாக்னு ஒரு லாங்குவேஜை அப்படியே கட்டினாங்க. 1998-ல எழுதின ஒரு மெயில்ல அவர், ஆப்ஜெக்ட்னு பேர் வச்சதுக்கு வருத்தப்பட்டு, அதனால எல்லாரும் சின்ன விஷயத்தைப் பிடிச்சுக்கிட்டாங்க, பெரிய விஷயம் மெசேஜிங்தான்னு சொன்னார். அதாவது பக்கத்துல என்ன கட்டம் போட்டிருக்குங்கறதை விட, கடைல யாரு யாருகிட்ட என்ன கேக்கறாங்கங்கறது முக்கியம். நாய் பூனை வீடியோல உங்களுக்குக் கிடைக்காம போனதும் இதுதான், அங்க யாரும் யாருகிட்டயும் எதுவும் கேக்கறதே இல்ல.

எல்லாத்துக்கும் க்ளாஸ் எழுதணும்னு மட்டும் நினைச்சுடாதீங்க. ஒரு எக்செல் ஃபைலைத் திறந்து ரெண்டு காலத்தைக் கூட்டற ஸ்க்ரிப்டுக்கு ஃபங்ஷன் போதும். இனிட்டும் இன்னும் ஒரே ஒரு மெத்தட்டும் மட்டும் இருக்கற க்ளாஸ் பெரும்பாலும் ஃபங்ஷனா இருக்க வேண்டியது. சும்மா தகவலை மட்டும் சேத்து வைக்கணும்னா, நாம சொன்ன வரி மாதிரி, பைத்தான் 3.7-ல வந்த டேட்டாக்ளாஸ் போதும். காலப்போக்குல மாறக்கூடிய தகவல் இருக்கு, அதுக்கு மீறக்கூடாத விதி இருக்கு, நிறைய பேர் அதைத் தொட வர்றாங்க, அப்பதான் அதுக்குன்னு ஒரு கணக்குப்பிள்ளைய உக்கார வைங்க.

இந்த வாரமே இதை எழுதிப் பாருங்க. முதல்ல வரி, அப்புறம் கடன்கணக்கு, அதுல பொருள்_எழுது, பணம்_கட்டு, பாக்கி மூணு மெத்தட் மட்டும். தொகையெல்லாம் பைசால முழு எண்ணா வைங்க, பைத்தான்ல 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினா 0.3 வராம கடைசில ஒரு வால் ஒட்டிக்கிட்டு வரும், காசுக் கணக்குக்கு அது ஆகாது. அது ஓடினதும் ஒரு லிஸ்ட்ல அஞ்சு கணக்கைப் போட்டு எல்லாருகிட்டயும் பாக்கி கேளுங்க. அப்புறம் டீக்கடைக் கணக்கைச் சேருங்க, லூப்பைத் தொடாம வேலை செய்யுதான்னு பாருங்க. கடைசியா ஒரு விதி: மொத்த பாக்கி மூவாயிரம் ரூபாயைத் தாண்டினா பொருள் எழுதக் கூடாது. இதைச் சேத்துட்டு வேணும்னே தாண்டிப் பாருங்க, எரர் எந்த இடத்துல இருந்து வருதுன்னு கவனிங்க. உங்க லூப்ல நீங்க எழுதின ஒரு இஃப்ல இருந்து அது வந்துச்சுன்னா திரும்ப எழுதுங்க, அந்தக் கணக்கே "இதுக்கு மேல எழுத முடியாது"ன்னு சொல்லணும்.